உப்புக் கணக்கு: பாலாற்றங்கரையில் ஒரு அரசாங்க ஜியாலஜிஸ்ட்டின் வேலை

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சென்னை–பெங்களூர் ஹைவேல வேலூரைத் தாண்டும்போது வர்ற இடம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல போனீங்கன்னா மனு கையில வெச்சுக்கிட்டு பெரிய வரிசை நிக்கும். அந்த ஆபீஸோட பேர் 2025 ஜனவரி 30-ம் தேதி வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்போட தலைப்புலயே இருக்கு: வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு, எதிர், மாவட்ட ஆட்சியர், வேலூர். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். விஷயம், டேனரி கழிவுநீரால நிலமும் கிணறும் கெட்டுப்போன குடும்பங்களுக்கு நஷ்டஈடு. 2001-ல முடிவான தொகையைப் பத்தி 2025-லயும் கோர்ட் பேசிக்கிட்டிருக்கு.

இந்தக் கதையை வக்கீல்கள் பக்கத்துல இருந்து நிறைய பேர் சொல்லிட்டாங்க. 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்கணும்'ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல வேரூன்றினதுல வேலூருக்குப் பெரிய பங்கு இருக்கு, சட்டம் படிக்கிற எல்லாருக்கும் இது பாடம். நான் இன்னிக்கு வேற ஒருத்தர் பக்கத்துல இருந்து சொல்லப் போறேன். "இந்தக் கிணத்துல உப்பு ஏறிடுச்சு, அது பாறையில இருந்து வந்தது இல்ல"ன்னு யாரோ ஒருத்தர் அளந்து சொல்லணும்ல? அவரு பெரும்பாலும் அரசாங்கச் சம்பளம் வாங்குற ஜியாலஜிஸ்ட். பேரு எங்கயும் வராது. ஆனா அவர் போடுற கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவருக்குப் பணம், அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு ஒண்ணும் இல்ல.

முதல்ல இந்த உத்தியோகம் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, அதாவது ஜி.எஸ்.ஐ, 1851-ல ஆரம்பிச்சது. வெள்ளைக்காரனுக்கு ரயில் ஓட்ட நிலக்கரி வேணும், அதைத் தேட ஆள் வேணும். அவ்வளவுதான் நோக்கம். நூறு வருஷத்துக்கும் மேல அரசாங்க ஜியாலஜிஸ்ட்னா பூமியில இருந்து எதையாவது வெளிய எடுக்க வழி சொல்றவர்தான். நடுவுல நல்ல சயின்ஸும் நடந்தது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கிற கருநீலப் பாறைக்கு ஜி.எஸ்.ஐ-ல இருந்த தாமஸ் ஹாலண்ட் 'சார்னோக்கைட்'னு பேர் வெச்சார். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் அந்தப் பாறைங்கிறதால அந்தப் பேரு. வேலூரைச் சுத்தி இருக்கிற மலைகள்லயும் அதே சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும்தான். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வருவேன்.

1972-ல ஜி.எஸ்.ஐ-யோட நிலத்தடி நீர்ப் பிரிவைப் பிரிச்சு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட சேர்த்தாங்க. வேலை மாறிடுச்சு. தண்ணி எங்க இருக்கு, எவ்வளவு இருக்கு, எப்படி இருக்கு? வாரியம் நாடு முழுக்க கண்காணிப்புக் கிணறுகளை வெச்சு வருஷத்துக்கு நாலு தடவை மட்டம் பார்க்குது. மழைக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்புது. இதே மாதிரி தமிழ்நாடு அரசுக்கும் நீர்வளத் துறையில தனியா ஜியாலஜிஸ்ட் டீம் இருக்கு. 1974-ல தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம், 1982-ல தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதுக்கப்புறம்தான் 'சுற்றுச்சூழல் புவியியல்'ங்கிற வார்த்தைக்கு அரசாங்கத்துல ஒரு நாற்காலியே கிடைச்சது.

அதே காலகட்டத்துல ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டையில என்ன நடந்துக்கிட்டிருந்தது? தோல் தொழில் இங்க பழசு. ஆவாரம் பட்டையில பதம் போட்டு, அரைகுறையா முடிச்ச தோலை ஐரோப்பாவுக்கு அனுப்புறதுதான் ரொம்ப நாள் வழக்கம். குரோம் பதனிடுதலை மெட்ராஸ்ல 1903 வாக்குல ஆல்ஃபிரட் சாட்டர்டன் சோதிச்சுப் பார்த்தார், ஆனா உடனே எல்லாரும் மாறலை. பெரிய மாற்றம் 1970-கள்ல. சீதாராமையா கமிட்டி பரிந்துரைக்கு அப்புறம் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, அரைப்பதத் தோலுக்குக் கட்டுப்பாடு. "முழுசா முடிச்சு, ஷூவாப் பண்ணி அனுப்பு, டாலர் அதிகம் வரும்"னு அரசாங்கம் சொன்னது. டாலர் வந்தது, வேலை வந்தது. பட்டையில இருந்து குரோமுக்கு மாறுன வேகமும் வந்தது. ஆக, டேனரிக்காரங்க மட்டும் தனியா முடிவெடுத்துப் பண்ணுன விஷயம் இல்ல இது. டெல்லியில போட்ட பாலிசியோட கழிவுநீர் பாலாத்துல இறங்குச்சு.

இப்ப கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, சின்னதுதான்.

டேனரின்னாலே எல்லாரும் "குரோமியம், குரோமியம்"னு சொல்வாங்க. நியூஸ்லயும் அதுதான். ஆனா ஜியாலஜிஸ்ட் கிணத்துல மீட்டரை விட்டா முதல்ல மாட்டுறது உப்பு. சாதாரண சோத்து உப்பு. மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ உரிச்சவுடனே அழுகாம இருக்க உப்பு தடவுறாங்க. ஒரு டன் பச்சைத் தோலுக்கு முந்நூறு, நானூறு கிலோ உப்பு வரைக்கும் போகும். டேனரியில முதல் வேலை அந்த உப்பைக் கழுவி வெளிய விடுறது. ஒரு கிலோ தோல் தயாராக சுமார் 35 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு 1996 தீர்ப்புலயே எழுதியிருக்கு. குரோம் பதனிடுதல்ல பயன்படுறது மூணாம் நிலை குரோமியம். அது சாதாரண மண்ணுல கொஞ்ச தூரம் போனதும் படிஞ்சு நின்னுடும், சகதியிலயும் வாய்க்கால் அடியிலயும் உக்காந்துக்கும். உப்புல இருக்கிற குளோரைடு எங்கயும் நிக்காது. மண்ணுல ஒட்டாது, சிதையாது, எந்தக் கிருமியும் அதைத் தின்னாது. தண்ணி எங்க போகுதோ அங்க போகும். தண்ணி ஆவியானா அது மட்டும் கெட்டியாகி மிஞ்சும்.

ராணிப்பேட்டை விவகாரம் வேற. அங்க டேனரிக்குத் தேவையான குரோம் கெமிக்கல் தயாரிச்ச தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970-கள் நடுவுல தொடங்கி 1990-கள் நடுவுல மூடிட்டுப் போச்சு. விட்டுட்டுப் போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல, திறந்த வெளியில. அதுல இருக்கிறது ஆறாம் நிலை குரோமியம். இது நச்சு, தண்ணியில நல்லாக் கரையும், நகரும், புற்றுநோயோட தொடர்பு உள்ளது. 2006-ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்துலயே மோசமா மாசடைஞ்ச பத்து இடங்கள்னு போட்ட லிஸ்ட்ல ராணிப்பேட்டை வந்ததுக்கு இதுவும் பெரிய காரணம். இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்றதே ஜியாலஜிஸ்ட்டோட வேலைதான். 'குரோமியம் கலந்த தண்ணி'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா எந்த மருந்து எந்த நோய்க்குன்னு தெரியாமப் போயிடும்.

சரி, அந்த சார்னோக்கைட்டுக்குத் திரும்புவோம். பாலாறு கர்நாடகாவுல கோலார் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, நம்ம பக்கம் வருது. மொத்தம் 348 கிலோமீட்டர், அதுல 222 தமிழ்நாட்டுல. வருஷத்துல பெரும்பாலான நாள் மேல மணல்தான். 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு ஓடினப்ப பாலத்துல நின்னு செல்ஃபி எடுத்தோமே, அது அபூர்வம். ஆத்து மணலுக்கு அடியில தண்ணி நகரும். ஆத்தைவிட்டு கொஞ்சம் தள்ளிப் போனா மேல சிதைஞ்ச பாறை ஒரு பத்து இருபது மீட்டர், அதுக்குக் கீழ கெட்டிப் பாறை. கெட்டிப் பாறைக்குள்ள தண்ணி விரிசல்லதான் இருக்கும். மணல் ஒரு ஸ்பாஞ்ச். பாறை, விரிசல் விட்ட தரை.

இதனால நடக்கிற ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. அண்ணன் நிலம், தம்பி நிலம், நடுவுல ஒரு வரப்பு. அண்ணன் கிணறு டேனரிப் பக்கம் இருந்து வர்ற விரிசல்ல உக்காந்திருக்கு, உப்பு. தம்பி போர் வேற விரிசல்ல இறங்கியிருக்கு, நல்ல தண்ணி. அடுத்த வருஷம் தம்பி நூறு அடி ஆழப்படுத்துறார், மோட்டார் வேகமா இழுக்குது, உப்பு இந்தப் பக்கம் திரும்புது. நீங்க சர்வேக்குப் போனது எந்த மாசம்? மழைக்கு முன்னாடியா பின்னாடியா? மோட்டார் எவ்வளவு நேரம் ஓடின பிறகு தண்ணி பிடிச்சீங்க? இதுல ஒண்ணு மாறினாலும் மீட்டர்ல நம்பர் மாறும். லிஸ்ட்ல பேரும் மாறும்.

இன்னொரு தலைவலி: இயற்கையாவே பாறையில இருந்து வர்ற உப்பு எவ்வளவு? மழை கம்மியான கெட்டிப் பாறைப் பகுதியில கிணத்துத் தண்ணி கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும். "இந்த ஊர்த் தண்ணியே அப்படித்தான் சார்"னு தொழிற்சாலை பக்கம் சொல்றது எப்பவும் பொய் இல்ல. டேனரிக்கு மேற்பக்கக் கிணறு, கீழ்ப்பக்கக் கிணறு ரெண்டையும் ஒப்பிட்டு, சோடியம், குளோரைடு, பைகார்பனேட் விகிதத்தைப் பார்த்து, பழைய அளவுகளோட வெச்சுப் பார்த்துத்தான் பிரிக்கணும். பழைய அளவு இல்லைன்னா? அதுக்குத்தான் வருஷா வருஷம் அந்தக் கண்காணிப்புக் கிணறுகள். போரடிக்கிற வேலைதான். நம்ம பாஷையில சொல்லணும்னா லாக் எடுக்காத சிஸ்டத்துல பக் வந்தா என்ன கதியோ அதே கதி.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. கலிஃபோர்னியாவுல ஹிங்க்லி, எரின் பிராக்கோவிச் படம் பார்த்திருப்பீங்க. கேஸ் கம்பெனி விட்ட ஆறாம் நிலை குரோமியம் கிணறுகள்ல இறங்குச்சு. 1996-ல 333 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆச்சு. படம் அங்க முடிஞ்சுடும். ஆனா அதுக்கப்புறமும் "இதுல கம்பெனி போட்டது எவ்வளவு, பாறையில இருந்து வந்தது எவ்வளவு"ன்னு சண்டை ஓடுச்சு. கடைசியில அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத் துறையில ஜான் இஸ்பிக்கி தலைமையில ஒரு டீம் பல வருஷம் வேலை பார்த்து 2023-ல ரிப்போர்ட் கொடுத்தது. ஜூலியா ராபர்ட்ஸ் நடிக்காத பகுதி அது.

நம்ம கதையிலயும் 1996 முக்கியமான வருஷம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல போட்ட வழக்குல ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. வேலூர்ல இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தோட சர்வேயைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுது: டேனரி பெல்ட்ல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம், பாதியாவோ முழுசாவோ, பயிருக்கு லாயக்கில்லாமப் போச்சு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய விஷயம், நிரூபிக்கிற பொறுப்பைத் திருப்பிப் போட்டாங்க. "உன் கிணத்துல இருக்கிறது என் உப்புன்னு நிரூபி"ன்னு விவசாயியைக் கேக்க முடியாது. "என் உப்பு இல்ல"ன்னு தொழிற்சாலைதான் காட்டணும். நிலத்தடி நீர் மாதிரி கண்ணுக்குத் தெரியாத விஷயத்துல இது எவ்வளவு பெரிய மாற்றம்னு பாருங்க. ஒரு விவசாயி எங்க போய் விரிசலை மேப் போடுவார்?

நஷ்டஈட்டை முடிவு பண்ண ஒரு ஆணையம் வேணும், ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில, மாசுக் கட்டுப்பாடும் சுற்றுச்சூழலும் தெரிஞ்ச நிபுணர்களோடன்னு கோர்ட் சொன்னது. சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம்னு அதே செப்டம்பர்ல வந்தது. 2001 மார்ச் 7-ம் தேதி அது கொடுத்த கணக்கு: வேலூர் மாவட்டத்துல 15,000 ஹெக்டேருக்குச் சற்று மேல பாதிப்பு, 29,193 பேருக்கு 547 டேனரிகள் சேர்ந்து 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரணும். கணக்குல எடுத்துக்கிட்ட காலம் 1991 ஆகஸ்ட் 12-ல இருந்து 1998 டிசம்பர் 31 வரைக்கும்.

கால்குலேட்டர் எடுங்க. சராசரியா ஒருத்தருக்கு 9,200 ரூபாய்க்குள்ள. ஏழு வருஷத்துக்கும் மேல ஒரு குடும்பத்தோட கிணறு கெட்டதுக்கு மாசம் நூறு ரூபாய் சொச்சம். 35,000 ஹெக்டேர், 15,000 ஹெக்டேர் ரெண்டும் ஒரே எல்லையை, ஒரே அளவுகோலை வெச்சு எடுத்தது இல்ல, அதனால ஒண்ணு பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா கோட்டை எங்க போடுறீங்கங்கிறதைப் பொறுத்து எத்தனை பேர் வெளிய நிக்கிறாங்கன்னு இதுல தெரியுது.

எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்ப உறுத்துற தேதி அந்த 1998 டிசம்பர் 31. ஏன்னு சொல்றேன்.

ஹைதராபாத்ல தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், என்.ஜி.ஆர்.ஐ, இருக்கு. மத்திய அரசோட சி.எஸ்.ஐ.ஆர் லேப். அங்க இருந்த எம். தங்கராஜன் மேல்பாலாற்றுப் படுகையில உப்பு எப்படி நகருதுன்னு கம்ப்யூட்டர் மாடல் போட்டு 1999-ல 'என்விரான்மென்டல் ஜியாலஜி' ஜர்னல்ல வெளியிட்டார். மாடல்னா என்ன? படுகையை மேப்புல கட்டம் கட்டமாப் பிரிக்கிறீங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணி எவ்வளவு உள்ள வருது, எவ்வளவு வெளிய போகுது, உப்பு எவ்வளவு. பக்கத்துக் கட்டத்தோட பரிமாறிக்க விடுறீங்க. ஒரு டைம் ஸ்டெப், அடுத்த டைம் ஸ்டெப். முதல்ல கடந்த காலத்தை ஓட்டி, நிஜக் கிணத்துல அளந்த நம்பரோட ஒத்துப்போகுதான்னு பார்த்து, அப்புறம் எதிர்காலத்துக்கு ஓட்டுறீங்க.

வந்த முடிவு இது: இன்னிக்கு விடுற மாசைப் பாதியாக் குறைச்சாலும், 20 வருஷம் கழிச்சும் நிலத்தடி நீர்ல கரைஞ்ச உப்போட அளவு இப்ப இருக்கிறதுல பாதிக்குக் கீழ இறங்காது.

1999-ல ஒரு அரசு லேப் இதைச் சொல்லிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வந்த நஷ்டஈட்டுக் கணக்கு 1998-ல நிக்குது. பிரச்சினை நேர்மை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லன்னு நான் நினைக்கிறேன். கோர்ட்டும் கலெக்டர் ஆபீஸும் மாசை ஒரு விபத்து மாதிரிப் பார்க்குது: இந்தத் தேதி நடந்தது, இந்தத் தேதி முடிஞ்சது, இவ்வளவு தொகை, ஃபைலை மூடு. ஜியாலஜிஸ்ட்டுக்கு அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. குழாயை மூடின நாளும் கிணறு சரியாகுற நாளும் ஒரே நாள் இல்ல, நடுவுல ஒரு தலைமுறை இருக்கு. பூமிக்கு ரிவர்ட் பட்டன் கிடையாது.

குழாயை மூட முயற்சி நடக்காம இல்ல. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துச்சு, அப்புறம் கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளிய விடக்கூடாதுங்கிற விதி வந்துச்சு. தண்ணியை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துறாங்க, மிஞ்சுறதை ஆவியாக்குறாங்க. நல்ல விஷயம். ஆனா உப்பு மாயமாகாது, அது மூட்டை மூட்டையா ஷெட்ல உக்காந்திருக்கும். சகதியும் அப்படித்தான். 2015 ஜனவரி 31 ராத்திரி ராணிப்பேட்டை சிப்காட்ல சகதித் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளிகள் உட்பட பத்து பேர் செத்தாங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்துல இருந்து வேலைக்கு வந்தவங்க. விவசாயி ஒரு பக்கம், தோல் தொழிலாளி இன்னொரு பக்கம்னு இந்தக் கதையைச் சொல்றவங்க இந்த ராத்திரியை விட்டுடுறாங்க. அந்தத் தொழிலாளி குடிச்சதும் அதே ஊர்த் தண்ணியைத்தான்.

இந்த நாற்காலியில உக்கார ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம். யு.பி.எஸ்.சி-யோட கம்பைண்டு ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு வழியாத்தான் ஜி.எஸ்.ஐ-க்கும் நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறாங்க. மாநிலத்துக்கு டி.என்.பி.எஸ்.சி. சயின்டிஸ்ட் பி-யா நுழைஞ்சு சி, டி-ன்னு ஏறி ரீஜினல் டைரக்டர் ஆகுறதுக்குள்ள தலை நரைச்சிடும். சீனியரா ஆக ஆக ஃபீல்டு குறையும், ஃபைல் கூடும். உங்க நம்பர் ரெண்டு பக்க வக்கீல் கையிலயும் போகும். ஆனா நீங்க டிவியில வந்து பேச முடியாது. ரிப்போர்ட்ல எழுதலாம். யாரும் படிக்கலைன்னாலும் எழுதணும், ஏன்னா இருபது வருஷம் கழிச்சு ஒரு கோர்ட் "பழைய அளவு இருக்கா"ன்னு கேக்கும்.

2025 தீர்ப்பு என்ன சொன்னது? பாக்கி இருக்கிற குடும்பங்களுக்கு ஆறு வாரத்துல அரசாங்கமே பணத்தைக் கொடுத்துட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும்னு சொன்னது. ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில துறைச் செயலாளர்கள், சுற்றுச்சூழல் நிபுணர்கள், பாதிக்கப்பட்ட மக்களோட பிரதிநிதிகள் சேர்ந்த ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. அதுக்குள்ள மாவட்டமே மாறிடுச்சு. 2019-ல வேலூர் மூணாப் பிரிஞ்சது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போச்சு, ராணிப்பேட்டை தனி மாவட்டம். பேர்ணாம்பட்டு இன்னும் வேலூர்லதான். ஆக இப்ப ஒரே படுகைக்கு மூணு கலெக்டர் ஆபீஸ். உப்பு இன்னும் பழைய மாவட்டத்துலதான் நகருது.

நீங்க வேலூர்ல இருந்து கேக்குறீங்கன்னா ஒரு வேலை தர்றேன். ஆர்.ஓ மெஷின் விக்க வர்றவர் ஒரு பேனா மாதிரி மீட்டரைத் தண்ணியில விடுவார்ல, அது டி.டி.எஸ் மீட்டர். ஜியாலஜிஸ்ட் ஃபீல்டுக்கு எடுத்துட்டுப் போறதோட எளிமையான வடிவம்தான் அது. உங்க வீட்டு போர்ல மே மாசம் ஒரு தடவை, டிசம்பர்ல ஒரு தடவை விட்டுப் பாருங்க. இந்தியத் தர அளவுப்படி குடிக்க 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். தேதியோட எழுதி வைங்க. இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ் தளத்துல உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற அரசு கண்காணிப்புக் கிணத்தோட பழைய அளவுகளும் கிடைக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.